போலோ ஜிடி டிஎஸ்ஐ: காயிலோவர் போடலாமா, ஷாக் மட்டும் மாற்றினால் போதுமா? (தினமும் கிருஷ்ணகிரி – ஓசூர்)

மாங்கனிநகர்:
வணக்கம் நண்பர்களே. 2018 ஃபோக்ஸ்வாகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ கார், 72,000 கிலோமீட்டர் ஓடிவிட்டது. எஞ்சினுக்கு ரீமேப் (கம்ப்யூட்டர் செட்டிங்கை மாற்றுவது) போட்டாயிற்று, சஸ்பென்ஷன் மட்டும் கம்பெனியில் வந்ததே. தினமும் கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூருக்கு வேலைக்குப் போகிறேன். சூளகிரிப் பக்கம் பாலத்து இணைப்பில் ஏறி இறங்கினால் பின்பக்கம் ஒரு குதியோடு நிற்பதில்லை, இன்னொன்றும் குதிக்கிறது. சேலம் பக்கம் போகும்போது தொப்பூர் இறக்கத்தில் லேன் மாறினால் வண்டி ஒரு நொடி கழித்துத்தான் சாய்ந்து உட்காருகிறது. ஊருக்குள் வேகத்தடையில் முன்னால் 'டொக்' என்று ஒரு சத்தம் வேறு. காயிலோவர் (உயரத்தை ஏற்றி இறக்கக்கூடிய ஸ்பிரிங், ஷாக் செட்) போட்டால் எல்லாம் ஒரே அடியில் சரியாகுமா? பின்சீட்டில் அடிக்கடி அப்பா அம்மா வருவார்கள். பாலக்கோட்டில் மாமனார் வீட்டுக்குப் போகும் கிராமத்துச் சாலையும் இருக்கிறது.

ஓசூர்ட்ராக்:
போடுங்க ப்ரோ. நான் காயிலோவர் போட்டு வண்டி உயரத்தை 30 மிமீ இறக்கியிருக்கிறேன், வளைவில் தண்டவாளத்தில் போகிற மாதிரி இருக்கு.

பட்டறைஅண்ணன்:
தம்பி, காசை எடுப்பதற்கு முன் வண்டியை லிப்டில் ஏற்றிப் பாருங்கள். நீங்கள் சொல்வது ஒரு கோளாறு இல்லை, இரண்டு. பின்பக்கம் இரண்டாவது முறை குதிப்பது ஷாக் வேலை செய்யாததன் அடையாளம். எழும்புவது ஸ்பிரிங்கின் வேலை, அதை அடக்குவது ஷாக்கின் வேலை. முன்னால் வரும் 'டொக்' சத்தத்துக்கும் ஷாக்குக்கும் சம்பந்தமே இல்லாமல்கூட இருக்கலாம். லிங்க் ராட் (சாய்வைக் குறைக்கும் பாரோடு இணைக்கும் கம்பி), ஸ்ட்ரட் மேல்மவுன்ட் (முன் ஷாக்கின் மேல்முனையைப் பாடியில் பிடிக்கும் ரப்பர் தாங்கி), லோயர் ஆர்மின் (சக்கரத்தைக் கீழே பிடிக்கும் கையின்) பின் புஷ் ரப்பர், இந்த மூன்றையும்தான் முதலில் சந்தேகப்படுவேன். இதையெல்லாம் அப்படியே விட்டுவிட்டுக் காயிலோவர் போட்டால், விலை உயர்ந்த ஷாக்கோடு அதே சத்தம் கேட்கும்.

வீட்டிலேயே செய்ய ஒன்று இருக்கிறது. பானட்டைத் திறந்து ஸ்ட்ரட் மேல்மவுன்ட் மேல் கை வையுங்கள். இன்னொருவர் நின்ற இடத்திலேயே ஸ்டீயரிங்கை இப்படியும் அப்படியும் திருப்பட்டும். கையில் தட்டுவது தெரிந்தால் பேரிங்கோ ரப்பரோ போயிருக்கிறது. பின் டயரில் உள்ளங்கையை வைத்து முன்னும் பின்னும் தடவிப் பாருங்கள். மேடு பள்ளமாக அலை அலையாய்த் தட்டுப்பட்டால் டயர் தரையை விட்டுத் துள்ளிக்கொண்டே ஓடியிருக்கிறது என்று அர்த்தம்.

டயர் காற்றையும் சொல்லிவிடுகிறேன். பெட்ரோல் மூடியின் உள்பக்கம் ஸ்டிக்கர் இருக்கும். ஆள் குறைவாக இருந்தால் ஒரு அளவு, வண்டி நிறைய ஆளும் சாமானும் ஏற்றினால் இன்னொரு அளவு. பங்க்கில் எல்லாருக்கும் ஒரே எண் வைத்து அடித்து அனுப்புவார்கள்.

அப்புறம், தொப்பூர் இறக்கம் சஸ்பென்ஷனைச் சோதித்துப் பார்க்கிற இடமில்லை. பிரேக் சூடேறிய லாரிகள் பின்னால் வரும்.

மாங்கனிநகர்:
நன்றி அண்ணா, பார்த்துவிட்டேன். ஸ்டீயரிங் திருப்பும்போது இடது மவுன்ட் கையில் தட்டுகிறது, ரப்பரிலும் வெடிப்பு. பின் இடது ஷாக்கின் உடம்பில் எண்ணெய் வழிந்து அதன்மேல் புழுதி அப்பியிருக்கிறது. பின் டயர் நீங்கள் சொன்ன மாதிரியே அலை அலையாக. கட்டாயம் மாற்றத்தான் வேண்டும் என்றால் நல்லதாகவே போடலாம் அல்லவா? பில்ஸ்டீன் பிராண்டில் பி6, பி8, இன்னொரு பிராண்டான கோனி என்று எல்லாம் சொல்கிறார்கள், குழப்பமாக இருக்கிறது.

பட்டறைஅண்ணன்:
சரி, இப்போது பேசலாம். பில்ஸ்டீனில் பி4 என்பது வண்டியோடு வந்த கம்பெனி ஷாக்குக்கு மாற்று, உயரமும் சுபாவமும் கிட்டத்தட்ட அப்படியே. பி6 அதே உயரத்துக்கான ஷாக்தான், ஆனால் மோனோட்யூப் (ஒற்றைக் குழாய்). அழுத்தமான வாயுவும் எண்ணெயும் தனித்தனி அறையில் இருக்கும். அதனால் வேகமாகத் துள்ளும்போது எண்ணெய் நுரைக்காது, சூடும் சீக்கிரம் வெளியேறும். பி8 என்பது தண்டைக் குட்டையாக்கிய பி6. இறக்கிய ஸ்பிரிங்கோடு போடுவதற்கென்றே செய்தது. உயரத்தை மாற்றாமல் பி8 வாங்குவதில் பொருளில்லை.

உங்கள் ரூட்டுக்கு என் ஓட்டு: கம்பெனி ஸ்பிரிங், பி6. ஆனால் ஒன்று, 30, 40 கிலோமீட்டர் வேகத்தில் சின்னச் சின்ன வெட்டுப் பள்ளங்கள் இப்போது இருப்பதைவிடக் கொஞ்சம் அதிகமாகத் தெரியும். அப்பா அம்மா முகம் சுளிப்பார்கள் என்றால் கோனி ஸ்பெஷல் ஆக்டிவைப் பாருங்கள். சடசடவென வரும் சிறிய அதிர்வுக்கு அதன் வால்வு தளர்ந்து கொடுக்கும்; வளைவில் வண்டி மெதுவாகச் சாயும்போது பிடித்துக்கொள்ளும். எதை வாங்கினாலும் கடையில் வண்டியின் சேசிஸ் எண்ணைக் கொடுத்துப் பார்ட் நம்பர் சரிபாருங்கள்.

ஓசூர்ட்ராக்:
காயிலோவரில் உயரத்தை இஷ்டத்துக்கு ஏற்றி இறக்கலாமே அண்ணா? ஏற்றியே வைத்தால் வேகத்தடையும் இடிக்காது.

பட்டறைஅண்ணன்:
ஏற்றியே வைப்பதென்றால் அதற்கு எதற்குத் தம்பி அவ்வளவு காசு? ரேஸ் டிராக்கில் ஓட்டும் நாளுக்கு மெட்ராஸ் இன்டர்நேஷனல் சர்க்யூட், கோயம்புத்தூர் கரி ஸ்பீட்வே என்று போகிறவருக்கு அது பிரயோஜனம், மறுக்கவில்லை. பாலக்கோட்டுச் சாலையின் சேறும் புழுதியும் திருகு மரையில் ஏறினால், ஆறு மாதம் திருப்பாமல் விட்ட காலர் பூட்டிக்கொள்ளும். இன்னொன்று, போலோவின் பின்பக்கம் ட்விஸ்ட் பீம் (இரண்டு சக்கரத்தையும் இணைக்கும் ஒரே சட்டம்). அதில் கேம்பர் (சக்கரத்தின் சாய்வு), டோ (சக்கரம் உள்ளே வெளியே திரும்பியிருக்கும் கோணம்) எதையும் அலைன்மென்ட் கடையில் சரிசெய்ய முடியாது. இறக்கினால் வருவதுதான். பின்சீட்டில் இருவர், டிக்கியில் சாமான் என்று ஏற்றிக்கொண்டு, உயரம் இறக்கிய வண்டியை ஓட்டினால் பம்ப் ஸ்டாப்பில் (கடைசியில் இடி தாங்கும் ரப்பரில்) உட்கார்ந்தபடியே ஓடும். அந்த நேரம் வண்டிக்கு சஸ்பென்ஷனே இல்லை.

பென்னாகரம்ரோடு:
குறுக்கே ஒரு வார்த்தை. வண்டி அமைப்பை மாற்றுவதற்கு மோட்டார் வாகனச் சட்டத்தில் 52வது பிரிவு இருக்கிறது. உயரத்தை இறக்குவதற்கு முன் இன்சூரன்ஸில் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். நான் ஒகேனக்கல் மலைப்பாதையில் கம்பெனி உயரத்திலேயே பி6 ஓட்டுகிறேன், அடி இடித்ததில்லை.

மாங்கனிநகர்:
பி6 என்று முடிவு செய்துவிட்டேன். நான்கையும் ஒன்றாக மாற்ற வேண்டுமா, பின்பக்கம் மட்டும் இப்போது மாற்றினால் போதுமா?

பட்டறைஅண்ணன்:
காசு இருந்தால் நான்கும். இல்லையென்றால் ஒரு அச்சில் இருப்பவை ஜோடியாக. இடது மட்டும் என்று ஒருநாளும் வேண்டாம். முன்பக்கம் கழற்றும்போதே மேல்மவுன்ட், பேரிங், பம்ப் ஸ்டாப், தூசிக் கவர் எல்லாம் புதிதாகப் போடுங்கள். பிறகு தனியாகச் செய்தால் அதே கூலியை மறுபடி கொடுப்பீர்கள். பின்பக்கம் ஷாக் தனி, ஸ்பிரிங் தனி என்பதால் வேலை சுலபம்.

பக்கத்திலேயே நின்று இரண்டைக் கவனியுங்கள். ஷாக் தண்டின் மேல் நட்டை இம்பாக்ட் கன் வைத்து அடித்தால் தண்டும் சேர்ந்து சுழன்று உள்ளே சீல் கெடும். தண்டைப் பிடித்துக்கொண்டு கையால்தான் இறுக்க வேண்டும். பின் ஷாக்கின் கீழ் போல்ட், லோயர் ஆர்ம் போல்ட் இவற்றைச் சக்கரம் தொங்கும்போது பொருத்தி மட்டும் வைக்க வேண்டும். வண்டி தரையில் தன் எடையோடு நிற்கும்போதுதான் முழு டார்க் (இறுக்கும் விசை) கொடுக்க வேண்டும். தொங்கலிலேயே இறுக்கிவிட்டால் புஷ் ரப்பர் எப்போதும் முறுகியே இருந்து சீக்கிரம் கிழியும்.

முன் ஸ்ட்ரட் கழற்றிய பிறகு அலைன்மென்ட் கட்டாயம். அந்த அலையடித்த பின் டயர்கள் புது ஷாக் போட்டாலும் ஹைவேயில் 'உம்ம்' என்று முனகும். அதைக் கேட்டு வீல் பேரிங் போய்விட்டது என்று யாராவது சொன்னால் உடனே மாற்றிவிடாதீர்கள், முதலில் டயரை மாற்றிப் பாருங்கள்.