கொழும்பு வெள்ளவத்தைத் தொடர்மாடியில் டிஆர்எம் டிஜிட்டல் வானொலி: பிழை ரிசீவரிலா, வயரிலா?

மாலைச்சிற்றலை:
5ஆம் மாடி. ஆர்டிஎல்-எஸ்டிஆர் வீ3 டொங்கிள் (யூஎஸ்பி ரிசீவர்), பல்கனியில் அன்ரனாவாக 8 மீற்றர் வயர், லப்டொப்பில் டிஆர்எம்மை விரிக்கும் டிரீம் மென்பொருள். ஆகாசவாணியின் டிஆர்எம் ஒலிபரப்பு 10 கிலோஹேர்ட்ஸ் அகலத்துக்குத் தட்டை மேடாகத் திரையில் நிற்கிறது. டிரீமில் எஃப்ஏசி, எஸ்டிசி (ஒலிபரப்பின் விவரம் தரும் பகுதிகள்) விளக்குகள் பச்சை, நிலையத்தின் பெயரும் வருகிறது. ஒலியைச் சுமக்கும் எம்எஸ்சி மட்டும் சிவப்பு, சத்தம் இல்லை. எஸ்என்ஆர் (இரைச்சலைவிடச் சிக்னல் எவ்வளவு கூட என்பது) 12 டெசிபெல். எயார்ஸ்பை எச்எஃப்+ என்ற விலை கூடிய ரிசீவர் வாங்கினால் சரிவருமா?

கம்பிச்சுருள்:
வேண்டாம், காசைக் கரியாக்காதீர்கள். எம்எஸ்சி பச்சையாகியும் சத்தம் வராவிட்டால் ஒலியை விரிக்கும் கோடெக் மென்பொருள் இல்லை என்று அர்த்தம். உங்களுக்குச் சிவப்பு, ஆகவே சிக்னல்தான் போதவில்லை. ஒலிபரப்பு 16-குவாம் என்ற பண்பேற்றத்தில் வந்தாலே 15, 16 டெசிபெல் வேண்டும். இன்னும் நெருக்கமான 64-குவாம் என்றால் 20க்கு மேல். அந்த இடைவெளியைத் தின்பது வீட்டு இரைச்சல். அன்ரனாவைக் கழற்றி, நிலையம் ஏதும் இல்லாத இடத்தில் இரைச்சல் மட்டத்தைக் குறியுங்கள். திரும்பப் பூட்டும்போது 10 டெசிபெல் ஏறினால், எவ்வளவு விலையுள்ள ரிசீவரும் அதே இரைச்சலைத்தான் கேட்கும்.

கரையோரன்:
அது பாதிச் சோதனை, ரிசீவரை மாற்றத்தான் வேண்டும். வீ3இல் சிற்றலைக்கு டிரெக்ட் சாம்ப்ளிங் (சிக்னலை நேரே எண்ணாக்கும் முறை) போட்டால் சிக்னல் ரியூனர் சிப்புக்குள் போவதே இல்லை. அந்தச் சிப்பின் கெயினை (பெருக்கத்தை) எவ்வளவு இழுத்தாலும் ஒன்றும் மாறாது. 28.8 மெகாஹேர்ட்ஸில் சாம்பிள் எடுப்பதால் அதில் பாதியான 14.4க்கு மேலுள்ளவை கீழே மடிந்து விழும். 15,200 கிலோஹேர்ட்ஸில் பலமாக வரும் நிலையம் 13,600இலும் தெரியும். அங்கே நீங்கள் தேடும் டிஆர்எம் இருந்தால் முடிந்தது கதை. சிக்னலை எண்ணாக்கும் ஏடிசி 8 பிற்தான் என்பதால் மாலையில் பட்டைகள் நிறைந்ததும் அது நிரம்பி வழியும்.

கம்பிச்சுருள்:
8 பிற் என்று பயப்படுத்த வேண்டாம். டொங்கிள் லப்டொப்புக்கு அனுப்பும் விநாடிக்கு 2.4 மெகாசாம்பிளை 10 கிலோஹேர்ட்ஸுக்கு ஒடுக்கும்போது சுமார் 24 டெசிபெல் திரும்பக் கிடைக்கிறது. ஏடிசி நிரம்புகிறதா என்று அறிய, சிக்னலைக் குறைக்கும் 10 டெசிபெல் அட்டனுவேற்றர் போதும். அதைப் போட்டதும் எஸ்என்ஆர் ஏறினால் நீங்கள் சொல்வதை ஒத்துக்கொள்கிறேன்.

மாலைச்சிற்றலை:
அட்டனுவேற்றரால் மாற்றமில்லை. வயரைப் பூட்டினால் இரைச்சல் 17 டெசிபெல் ஏறுகிறது. மெயின் சுவிட்சை அணைத்து லப்டொப்பைப் பற்றரியில் ஓட்டினால் 9தான். இன்னொன்று: இரவு 8 மணிக்கு எஸ்என்ஆர் 18 காட்டியும் எம்எஸ்சி விட்டுவிட்டுச் சிவப்பாகிறது.

கம்பிச்சுருள்:
17க்கும் 9க்கும் இடையிலான அந்த 8 டெசிபெல்லை மீட்டால் 12 என்பது 20 ஆகும். 5ஆம் மாடியில் வயருக்கு நிலத்தொடர்பு இல்லை. கேபிளின் வெளிப்பின்னலும் லப்டொப்பும் சேர்ந்து அன்ரனாவின் மறுபாதியாகிவிடுகின்றன. சார்ஜர், எல்ஈடி பல்பு, ரவுட்டர் எல்லாவற்றின் குப்பையும் அந்தப் பின்னல் வழியாக ஏறுகிறது. எஃப்ரி240-31 ஃபெரைட் வளையத்தில் ஆர்ஜி-58 கேபிளை 10 முதல் 12 சுற்றுச் சுற்றி அன்ரனா முனையருகே வையுங்கள், இரைச்சலைத் தடுக்கும் சோக் அதுதான். வயரைக் கேபிளோடு பொருத்த 9:1 மின்மாற்றி: எஃப்ரி140-43இல் மூன்று கம்பிகளைச் சேர்த்து 9 சுற்று. அதிலும் போதாவிட்டால் வயரை விட்டு 1 மீற்றர் விட்ட வளைய அன்ரனாவுக்குப் போங்கள். வளையத்தின் முகத்தை இரைச்சல் வரும் சுவருக்கு நேரே திருப்பினால் அது அடங்கும். வானலை மேலிருந்து சரிந்து வருவதால் அவ்வளவாகக் குறையாது.

கரையோரன்:
பகலுக்கு இது சரி, ரிசீவர் வாங்கச் சொன்னதை விடுகிறேன். ஆனால் அந்த இரவு 8 மணிக் கோளாறு சோக்கால் தீராது. காந்த நடுக்கோடு (பூமியின் காந்தப்புலம் கிடையாக இருக்கும் கோடு) தென்னிந்திய முனையை ஒட்டிப் போகிறது. கேரளத்துத் தும்பாவில் 1963இல் ரொக்கெற் ஏவுதளம் வைத்ததும் அதனால்தான். சூரியன் மறைந்தபின் இங்கே சிற்றலையைத் திருப்பியனுப்பும் அயனமண்டலம் குமிழிட்டுக் குழம்பும், மார்ச், செப்டெம்பர் ஒட்டிய மாதங்களில் இன்னும் மோசம். டிஆர்எம்மின் பி மோட் என்ற அமைப்பில் தரவைச் சுமக்கும் காவி அலைகளுக்கிடையே 46.9 ஹேர்ட்ஸ்தான் இடைவெளி. வேகமான படபடப்பில் அவை ஒன்றோடொன்று கலந்துவிடும், சராசரி எஸ்என்ஆர் நன்றாகத் தெரிந்தாலும். மாலை 5 மணிக்கு முன்னும் விடிந்த பின்னும் கேட்டுப் பாருங்கள்.

கம்பிச்சுருள்:
அதில் எனக்கு மறுப்பில்லை. பல்கனிக்கு வெளியே வரும் இணைப்புகளுக்குத் தன்னோடு தானே ஒட்டும் ரப்பர் ரேப் சுற்றுங்கள், கடற்காற்றில் செம்பு பச்சை பிடித்துவிடும். ஒக்ரோபர், நவம்பர் பின்னேர இடிக்கு முன் கேபிளைக் கழற்றிவிடுங்கள்.