பவர் பிரஸ்ஸில் ஒரு பட்டனை டேப் ஒட்டி ஓட்டுகிறார்கள், எப்படி நிறுத்துவது?

பாடி_லைன்மேன்:
அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்ன பிரஸ் ஷாப்பில் சூப்பர்வைசராகச் சேர்ந்திருக்கிறேன். ஆறு பவர் பிரஸ், தகட்டை அடித்து வடிவமாக்குகிற மிஷின். நாலு பழைய பின் கிளட்ச், காலால் மிதிக்கிற பெடல், முன்னால் கையைத் தடுக்கிற கார்டே கிடையாது. மற்ற ரெண்டும் காற்றழுத்தத்தில் வேலை செய்கிற நியூமேட்டிக் கிளட்ச், ரெண்டு கையாலும் அழுத்துகிற மாதிரி பட்டன் இருக்கிறது, ஆனால் இடது பட்டனை அழுத்தினபடியே இன்சுலேஷன் டேப் சுற்றி வைத்திருக்கிறார்கள். வலது கை பட்டன் மேல் நிற்கிறது, இடது கை டைக்குள் (அச்சுக்குள்) போய் பீஸை எடுத்துவிட்டு அடுத்த பிளாங்கை (அடிக்க வேண்டிய தகட்டை) வைக்கிறது, அது முழுசாக வெளியே வருவதற்குள் வலது கை தட்டிவிடுகிறது. பார்க்கும்போதே வயிற்றைக் கலக்குகிறது.

டேப்பைப் பிய்த்துப் போட்டேன், மறுநாள் காலை ஷிப்டில் திரும்ப இருக்கிறது. கேட்டால் "அண்ணே, ரெண்டு கையும் வெச்சு அடிச்சா டார்கெட் வராது, இன்சென்டிவ் போயிடும்" என்கிறார்கள். முதலாளி நல்ல மனிதர்தான், ஆனால் "ஜாக்கிரதையா ஓட்டச் சொல்லுப்பா" என்பதோடு முடித்துக்கொள்கிறார். பாதிக்கு மேல் ஒடிசா, பீகார் பையன்கள், எல்லாம் காண்ட்ராக்ட். யாருக்காவது விரல் போன பிறகு பேசி என்ன பிரயோஜனம்? ஆறு மிஷினுக்கும் லைட் கர்ட்டன் (கை குறுக்கே வந்தால் மிஷினை நிறுத்துகிற ஒளி சென்சார்) போடச் சொல்லலாம் என்று இருக்கிறேன், சரியா?

ராம்_ஸ்ட்ரோக்:
தப்பாக நினைக்காதீர்கள், எந்த சென்சார் போட்டாலும் ஆபரேட்டருக்குக் கவனம் இல்லையென்றால் வீண். டேப் ஒட்டுகிறவனை ரெண்டு நாள் வீட்டுக்கு அனுப்புங்கள், மூணாவது நாள் யாரும் தொட மாட்டார்கள்.

டூல்ரூம்_அண்ணாச்சி:
ராம்_ஸ்ட்ரோக் தம்பி, நிமிஷத்துக்கு 12 பீஸ் என்று குறைத்தே வைத்துக்கொள்ளுங்கள். எட்டு மணி நேரத்துக்கு 5,760 தடவை கை டைக்குள் போய்விட்டு வருகிறது. அத்தனை தடவையும் கவனம் தப்பாமல் இருக்க எந்த மனுஷனால் முடியும்? நைட் ஷிப்டில் விடியற்காலை மூணு மணிக்குக் கண் சொக்கத்தான் செய்யும். அவனை வீட்டுக்கு அனுப்பினால் அடுத்து வருகிறவனும் அதே இன்சென்டிவுக்குத்தான் ஓட்டுவான், அதே டேப்பைத்தான் ஒட்டுவான். கை உள்ளே போக வேண்டிய அவசியமே இல்லாமல் வேலையை மாற்றுவதுதான் வழி, மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்.

பாடி_லைன்மேன், பின் கிளட்ச் மிஷினுக்கு லைட் கர்ட்டன் வாங்கிக் காசை வீணாக்காதீர்கள். அந்தக் கிளட்ச் ஒரு தடவை பிடித்துவிட்டால் ராம், அதாவது மேலிருந்து இறங்கி அடிக்கிற பாகம், கீழே போய் முழுச் சுற்று மேலே வந்துதான் நிற்கும், நடுவில் சென்சார் என்ன கத்தினாலும் நிற்காது. பின்னோ ஸ்பிரிங்கோ தேய்ந்திருந்தால் பெடலை மிதிக்காமலேயே இரண்டாவது ஸ்ட்ரோக் விழும், அப்போது எவ்வளவு கவனமான ஆளாக இருந்தாலும் தப்ப முடியாது. அந்த நாலுக்கும் டையைச் சுற்றிக் கம்பி கார்டோ பாலிகார்பனேட் கார்டோ போட்டு மூடுங்கள். ஷீட் மட்டும் நுழைய 6 மி.மீ. சந்து போதும், அதில் விரல் போகாது. பிளாங்கை ஒவ்வொன்றாக வைக்கிற வேலை என்றால் கார்டுக்கு வெளியே பீஸை வைத்துத் தள்ளுகிற மாதிரி ஸ்லைடு ஒன்று டூல்ரூமிலேயே செய்துவிடலாம், அடித்த பீஸை ஏர் அடித்துப் பின்னால் தள்ளிவிடலாம். பெடலுக்கு மேலே மூடி போடுங்கள், கை தவறி ஒரு ஸ்பேனர் விழுந்தாலே ஸ்ட்ரோக் அடித்துவிடும்.

நியூமேட்டிக் ரெண்டுக்கும் லைட் கர்ட்டன் போடலாம், ஆனால் எவ்வளவு தள்ளிப் போடுகிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கை நொடிக்கு 1.6 மீட்டர் வேகத்தில் போகும் என்று கணக்கு வைப்பார்கள். பிரேக் பிடித்து ராம் நிற்க 0.2 நொடி ஆகிறது என்றால் டையிலிருந்து 32 செ.மீ.யாவது தள்ளி இருக்க வேண்டும், அதுவும் குறைந்தபட்சம். டைக்குப் பக்கத்தில் ஒட்டினாற்போல மாட்டியிருப்பதைச் சில கம்பெனிகளில் பார்த்திருக்கிறேன், அது ஆடிட்டருக்குக் காட்டத்தான் உதவும்.

டேப் விஷயம் ரொம்ப சுலபம். உங்கள் மிஷினில் ரெண்டு பட்டனையும் சும்மா ஒன்றன்பின் ஒன்றாக சீரிஸ் வயரிங்கில் இழுத்துவிட்டிருப்பார்கள், அதனால்தான் ஒன்றை ஒட்டினாலும் ஓடுகிறது. டூ ஹேண்ட் சேஃப்டி ரிலே ஒன்றை மாட்டச் சொல்லுங்கள். ரெண்டு பட்டனையும் அரை நொடி இடைவெளிக்குள் அழுத்தினால்தான் அது ஸ்ட்ரோக் கொடுக்கும், அடுத்த ஸ்ட்ரோக்குக்கு ரெண்டையும் விட்டுவிட்டுத் திரும்ப அழுத்த வேண்டும். ஒன்றை ஒட்டி வைத்தால் மிஷின் அசையவே அசையாது, நீங்கள் யாரோடும் சண்டை போட வேண்டியதில்லை. முக்கியமாக, இதையெல்லாம் மாட்டிய பிறகு வருகிற எண்ணிக்கையை வைத்துத்தான் டார்கெட்டைப் போட வேண்டும், இல்லாவிட்டால் வேறு வழி கண்டுபிடிப்பார்கள்.

கிண்டி_யூனியன்:
முதலாளியிடம் பேச வேண்டியது இது. 1948 தொழிற்சாலைகள் சட்டம் 21ஆவது பிரிவிலேயே ஆபத்தான பாகங்களுக்குத் தடுப்பு வைப்பது அவர் கடமை என்று இருந்தது, "ஜாக்கிரதையா ஓட்டு" என்று சொல்லிவிட்டால் அந்தக் கடமை தீர்ந்துவிடாது. காண்ட்ராக்ட் பையன்களுக்கு இஎஸ்ஐ (தொழிலாளர் காப்பீடு) நம்பர் இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் என்றால் கட்டாயம், காண்ட்ராக்டர் கட்டாவிட்டால் முதலாளி தலையில்தான் விழும். வேலையில் அடிபட்டால் சேர்ந்த முதல் நாளிலிருந்தே உரிமை உண்டு, குணமாகி வரும் வரை சம்பளத்தில் 90 சதவீதம் கிடைக்கும். விரல் போனால் சட்ட அட்டவணையில் கட்டைவிரலுக்கு 30 சதவீத இழப்பு, ஆள்காட்டி விரலுக்கு 14. இருபது வயசுப் பையன் அந்தக் கையோடு மிச்சக் காலம் முழுக்க வேலை தேட வேண்டும் என்பதை அவரிடம் நேருக்கு நேர் சொல்லுங்கள். அப்படியும் கேட்கவில்லை என்றால் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தில் புகார் கொடுக்கலாம். புகார் கொடுத்தது யார் என்பதை ஆய்வாளர் வெளியே சொல்லக் கூடாது, அதுவும் சட்டம்தான்.

எமர்ஜென்சி_நர்ஸ்:
ஒன்று மட்டும் சேர்த்துக்கொள்கிறேன், ஷாப் சுவரில் தமிழிலும் இந்தியிலும் ஒடியாவிலும் எழுதி ஒட்டுங்கள். விரல் துண்டாகிவிட்டால் அதை நேராக ஐஸில் போடக் கூடாது, திசு கெட்டுப்போய்விடும். சுத்தமான துணியை லேசாக நனைத்துச் சுற்றி, பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கட்டி, அந்தக் கவரை ஐஸ் தண்ணீரில் வைத்துக் கையோடு கொண்டு வர வேண்டும். கையில் காயத்தை அழுத்திக் கட்டி உயர்த்திப் பிடிக்க வேண்டும். 108 அல்லது கிடைத்த வண்டி, நேராகக் கை அறுவை சிகிச்சை இருக்கிற இடத்துக்கு. ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் கை அறுவை சிகிச்சைப் பிரிவு இதற்கே பெயர் பெற்றது. பக்கத்து கிளினிக்கில் தையல் போட்டுவிட்டு அப்புறம் பார்க்கலாம் என்று நேரத்தைக் கடத்திவிட்டு வருகிறார்கள், ஒட்ட வாய்ப்பிருந்த விரல் அப்படித்தான் போகிறது.

பாடி_லைன்மேன்:
எல்லோருக்கும் ரொம்ப நன்றி. ரிலேக்கும் கார்டுக்கும் கொட்டேஷன் வாங்கிக்கொண்டுதான் முதலாளியிடம் போகப் போகிறேன். அண்ணாச்சி, டை மாற்றும்போது மோட்டாரை ஆஃப் செய்துவிட்டு உடனே கையை விடுகிறார்கள், அது போதுமா?

டூல்ரூம்_அண்ணாச்சி:
போதவே போதாது. மோட்டார் நின்றாலும் ஃப்ளைவீல் என்கிற கனமான சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கும், அந்த ஓட்டத்தில் ஒரு ஸ்ட்ரோக் தாராளமாக அடிக்கும். வீல் முழுசாக நிற்கட்டும், மெயினை ஆஃப் செய்து பூட்டுப் போட்டுச் சாவியை டை மாற்றுகிற செட்டர் தன் பாக்கெட்டில் வைத்துக்கொள்ளட்டும், ராமுக்கும் கீழே இருக்கிற பெட்டுக்கும் நடுவில் சேஃப்டி பிளாக்கை முட்டுக் கொடுத்த பிறகு கை உள்ளே போகலாம். பிளாக்கில் ஒரு பிளக் வைத்து, அதைக் கழற்றினால் கண்ட்ரோல் சர்க்யூட் கட் ஆகிற மாதிரி வயரிங் செய்யுங்கள். பிளாக் உள்ளே இருக்கும்போது யாரும் தெரியாமல் மிஷினை ஓட்ட முடியாது.