எந்தச் செயின்சா வாங்கலாம்: ஸ்டில் எம்எஸ் 362-ஆ, ஹஸ்க்வர்னா 560 எக்ஸ்பி-யா?

வணக்கம். மலேசியாவின் நெகிரி செம்பிலான் மாநிலத்தில், பகாவ் பக்கம் மறுநடவுக்காக முதிர்ந்த ரப்பர் மரங்களை வெட்டும் குத்தகை வேலை செய்கிறேன். பழைய செயின்சாவில் பிஸ்டன் தேய்ந்துவிட்டது. மாதக் கடைசிக்குள் புதிது வாங்கியாக வேண்டும்.

ஸ்டில் 59 சிசி, ஹஸ்க்வர்னா 59.8 சிசி. இரண்டும் 3.5 கிலோவாட். கார்புரேட்டரைத் தானே சரிசெய்துகொள்ளும் வசதியும் இரண்டிலும் உண்டு. ஸ்டிலில் அதற்குப் பெயர் எம்-ட்ரானிக், ஹஸ்க்வர்னாவில் ஆட்டோடியூன். 18 அங்குல பார் (சங்கிலி ஓடும் தகடு) போட்டு இரண்டையும் ஓட்டிப் பார்த்தேன், வெட்டில் வித்தியாசமே தெரியவில்லை. கடைக்காரர்கள் அவரவர் விற்பதையே நல்லது என்கிறார்கள். வேலை தெரிந்த அண்ணன்மாரும் ஆளுக்கொரு பக்கம் நிற்கிறார்கள்.

என் கவலை வேறு. மத்தியான வெயிலில் பெட்ரோல் ஊற்ற நிறுத்தினால், பழையது சூட்டில் மறுபடி பிடிக்கவே பிடிக்காது. கயிற்றை இழுத்து இழுத்துத் தோள்பட்டை விட்டுப்போகும். அப்புறம் இந்த ரப்பர் பால்! மரத்தூளோடு கலந்து, சங்கிலியைச் சுற்றும் பல்சக்கரமான ஸ்புராக்கெட்டின் மூடிக்குள் பசைபோல அப்பிக்கொள்ளும். பாருக்கு எண்ணெய் வரும் துளையே அடைத்துவிடும். தினமும் சுரண்டி எடுக்க நான் தயார். ஆனால் சூட்டில் பிடிக்காத இன்ஜினை வைத்துக்கொண்டு நாள்கூலி ஆட்களை நிறுத்தி வைக்க முடியாது.

இவற்றை நம் ஊர் வெயிலில் நாள் முழுக்க ஓட்டியவர்கள் சொல்லுங்கள்: சூடாக இருக்கும்போது சட்டென்று பிடிப்பது எது?