மாட்டுக்காரங்க, செம்மறிக்காரங்க பகைக்கு நடுவுல காதல்: கேட்டது, பாத்தது சொல்லுங்க

சாண்ட்லர்வாசி:

அரிசோனாவுல நம்மாளுங்க நிறைய பேர் இருக்கோம், டெம்பி வழியா ஆபீஸ் போறவங்களும் உண்டு, ஆனா 1892 ஆகஸ்ட்ல அந்த ஊர்லதான் டாம் கிராஹமைச் சுட்டாங்கன்னு என் ஃப்ரெண்ட்ஸ்ல ஒருத்தருக்கும் தெரியல. தானிய மூட்டை ஏத்திக்கிட்டு வண்டி ஓட்டிப் போயிட்டிருந்த மனுஷன். இங்க அரிசோனாவுல ப்ளசன்ட் வேலிங்கற பள்ளத்தாக்குல நடந்த சண்டைன்னு சொல்றாங்களே, கிராஹம் குடும்பம் ஒரு பக்கம் டியூக்ஸ்பரி குடும்பம் இன்னொரு பக்கம், அதுல கிராஹம் அண்ணன் தம்பிங்கள்ல கடைசியா மிஞ்சினவர் இவர்.

எல்லாரும் இதை மாட்டுக்காரங்க Vs செம்மறிக்காரங்க மேய்ச்சல் சண்டைன்னு ஒரே வரியில முடிச்சிடறாங்க, எனக்கு அது பிடிக்காது. ஆரம்பத்துல ரெண்டு குடும்பமும் சேர்ந்து பழகினவங்கதான், மாட்டுத் திருட்டுப் புகார், சூடு போட்ட அடையாளம் யாருதுன்னு தகராறு, கோர்ட் கேஸுன்னு முத்திடுச்சு. அதுக்கு மேலதான் 1887ல ஃப்ளாக்ஸ்டாஃப் பக்கத்து டாக்ஸ் சகோதரர்களோட செம்மறி மந்தை டியூக்ஸ்பரி ஆளுங்க துணையோட மகியோன் மலை விளிம்பைத் தாண்டி கீழ இறங்குது. அந்த விளிம்புக்குத் தெற்க செம்மறி வரவே கூடாதுன்னு மாட்டுக்காரங்க வச்சிருந்த எல்லை அது. மேய்ச்சவர் ஒருத்தரைக் கொன்னாங்க, அப்புறம் நிக்கல.

நான் சொல்ல வந்தது ரெண்டு பொண்ணுங்களைப் பத்தி. செப்டம்பர் 2, 1887, டியூக்ஸ்பரி வீட்டை கிராஹம் ஆளுங்க சுத்தி வளைச்சு ஜான் டியூக்ஸ்பரியையும் கூட இருந்த பில் ஜேக்கப்ஸையும் சுட்டுட்டாங்க, ஜானோட மனைவி மேரி ஆன் அப்ப மாசமா இருந்தாங்க. கொஞ்ச காலம் கழிச்சு அவங்க தன் பக்கத்து ஆளான ஜான் ரோட்ஸைக் கல்யாணம் பண்ணிக்கிறாங்க. அதே 1887ல எதிர்ப் பக்கத்துல டாம் கிராஹம் டெம்பி பொண்ணு ஆனி மெல்டனைக் கட்டிக்கிட்டு, பள்ளத்தாக்கு வேணாம் சண்டை வேணாம்னு இங்கயே விவசாயம் பண்ண உக்காந்துட்டார். அஞ்சு வருஷம் வாழ்ந்தாங்க. அப்புறம்தான் அந்த வண்டி, அந்தக் குண்டு. சாகறதுக்கு முன்னாடி டாம் சொன்ன பேர் ரெண்டு: எட் டியூக்ஸ்பரி, ஜான் ரோட்ஸ்.

விசாரணைக்கு ஆனி துப்பாக்கியை ஒளிச்சுக் கொண்டு வந்து கோர்ட்லயே ரோட்ஸைச் சுடப் பாத்தாங்க. வெடிக்கல. பக்கத்துல இருந்தவங்க புடுங்கிட்டாங்க. இதைப் படிச்சப்ப எனக்கு மேரி ஆன் ஞாபகம்தான் வந்துச்சு, அது வெடிச்சிருந்தா அந்தம்மாவுக்கு ரெண்டாவது தடவையும் புருஷன் போயிருப்பார், அதுவும் தன்னை மாதிரியே தாலி இழந்த இன்னொருத்தி கையால. ரோட்ஸை விட்டுட்டாங்க, எட் மேல கேஸ் இழுத்துக்கிட்டே போய் 1896ல அவரும் வெளிய வந்துட்டார். ஆனிக்கு நியாயம் கிடைக்கலன்னுதான் நான் நினைக்கிறேன்.

அந்தப் பள்ளத்தாக்குல இருக்கற யங்ங்கற ஊரோட கல்லறைக்குப் போயிருக்கேன், கிராஹம் பக்கத்து ஆளுங்க அங்க புதைஞ்சிருக்காங்க. ஆண்கள் பேர்தான் எங்க பாத்தாலும், இந்த ரெண்டு பேரையும் தேடிப் படிச்சாத்தான் உண்டு.

பனிக்காட்டான்:

சூப்பர் அண்ணா, நான் வயோமிங்ல இருந்தப்ப கேட்டதைச் சொல்றேன். வேலைக்காக பஃபலோ ஊர்ல வாடகைக்கு இருந்தேன், அங்க செம்மறி மேய்க்க வந்த பாஸ்க் இனத்துக் (ஸ்பெயின், பிரான்ஸ் எல்லைப் பக்கத்து ஆளுங்க) குடும்பங்கள் நிறைய. வீட்டு ஓனர் பாட்டியோட அம்மா செம்மறிக் குடும்பம், அப்பா மாட்டுக் குடும்பம்.

அந்த ஏரியாவுல இது சின்ன விஷயம் இல்ல. மலைக்கு அந்தப் பக்கம் டென் ஸ்லீப் கிட்ட 1909 ஏப்ரல் 2 ராத்திரி மாட்டுக்காரங்க பக்கத்துல முகமூடி போட்ட ஏழு பேர் வந்து அலெமாண்ட், எம்கி, லாசியர்னு செம்மறிக்காரங்க மூணு பேரைக் கொன்னு, அவங்க படுத்திருந்த வண்டிக்குத் தீ வச்சிருக்காங்க. இதுல எம்கி முன்னாடி மாடு வச்சிருந்து செம்மறிக்கு மாறினவர், அதனாலயே அவர் மேல கோவம் ஜாஸ்தி. இந்தத் தடவை கைது, ஜெயில்னு நிஜமாவே தண்டனை கிடைச்சதால இந்த மாதிரி ராத்திரித் தாக்குதல் ஓஞ்சுது, ஆனா மனசுல இருந்த கசப்பு அப்படியே இருந்துச்சுன்னு பாட்டி சொல்லுவாங்க.

அவங்க அப்பா வேலி சரி பாக்க வர்றப்பதான் அம்மாவைப் பாத்திருக்கார், குட்டி போடுற சீசன், அம்மா கூடார வண்டியில சமைச்சுக்கிட்டு இருந்தாங்களாம். அந்த வண்டி சும்மா இல்ல, உள்ளயே அடுப்பு, பின்னாடி குறுக்க கட்டில், ஒரு ஆள் மாசக்கணக்கா வாழலாம். செம்மறி வாடை காட்டிக் கொடுத்துடும்னு அவர் வேலி ஓரத்துல வேற சட்டை ஒளிச்சு வச்சிருந்து, வீட்டுக்குத் திரும்பறப்ப மாத்திட்டுப் போவாராம், இதைச் சொல்லும்போது பாட்டி முகத்துல அவ்ளோ பெருமை.

கல்யாணத்துக்கு மாட்டுக் குடும்பத்துல ஒருத்தரும் வரல. மாமியார் பேச ஆரம்பிச்சது எப்படின்னா, மருமக தாயில்லாக் குட்டி ரெண்டைத் தூக்கிக்கிட்டு வந்திருந்தாங்க, ஒரு நாள் இவங்க காய்ச்சலா படுத்துட்டப்ப குட்டிங்க கத்தறது தாங்க முடியாம அந்தம்மாவே பசும்பால் பாட்டில்ல ஊத்திக் கொடுத்திருக்காங்க. மாமனார் மட்டும் கடைசி வரைக்கும் ஆட்டுக்கறியைத் தொடவே இல்லையாம்.

கிடைக்காரன் பேரன்:

ரெண்டு பேருக்கும் நன்றி. எங்க தாத்தா ராமநாதபுரம் பக்கம் கிடை போட்டவர், அதனால செம்மறி புல்லை அழிச்சிடும்னு மாட்டுக்காரங்க சொன்ன குத்தம் எனக்குப் புரியுது. மாடு நாக்கால சுத்தி இழுத்து மேயும், செம்மறி தரையை ஒட்டி அடி வரைக்கும் கடிச்சிடும், ஒரே இடத்துல விட்டா புல்லு எழுந்திரிக்காது. ஆனா அதுக்கு ஆளைக் கொல்லணுமா? அங்க நிலம் பெரும்பாலும் அரசாங்கத்தோடது, பட்டா கிடையாது, முன்னாடி வந்தவன் எனக்குத்தான்னான், பின்னாடி வந்தவன் எனக்கும் உரிமை இருக்குன்னான், 1934ல டெய்லர் மேய்ச்சல் சட்டம் வந்து பெர்மிட் கொடுக்க ஆரம்பிச்சாங்க. அதை அம்பது வருஷம் முன்னாடியே பண்ணியிருந்தா டாம் கிராஹம் ஆனியோட இன்னும் ரொம்ப நாள் இருந்திருப்பார்.

சாண்ட்லர் அண்ணா, ஆனிக்கு ஒரு பொண்ணு இருந்துச்சுன்னு படிச்சேன், அந்தக் குழந்தை வளர்ந்த கதை தெரிஞ்சா எழுதுங்க.