பல் விழுவதும் தேர்வுக்குப் படிக்காமல் போவதும்: அடிக்கடி வரும் கனவுகளுக்குப் பொருள் உண்டா?

கேள்வி: கணக்கன்

அனைவருக்கும் வணக்கம். சில ஆண்டுகளாக எனக்கு மூன்று கனவுகள் மாறி மாறி வருகின்றன. முதல் கனவில் என் பற்கள் ஒவ்வொன்றாக ஆட்டம் கண்டு உள்ளங்கையில் உதிர்கின்றன. வலி இருப்பதில்லை, ஆனால், இவற்றை இனி எப்படித் திரும்பப் பொருத்துவது என்ற பதற்றம் விழித்த பிறகும் சிறிது நேரம் நீடிக்கிறது. இரண்டாவது கனவில் நான் தேர்வுக்கூடத்தில் அமர்ந்திருக்கிறேன். எதிரே இருக்கும் வினாத்தாளுக்கு உரிய பாடத்தை ஆண்டு முழுவதும் திறந்துகூடப் பார்க்கவில்லை என்பது அப்போதுதான் உறைக்கிறது. படிப்பை முடித்து வேலையில் அமர்ந்து எத்தனையோ ஆண்டுகள் ஆகிவிட்ட ஒருவனுக்கு இக்கனவு ஏன் வர வேண்டும்? மூன்றாவதில் யாரோ என்னைத் துரத்துகிறார்கள். ஓட முயன்றால் கால்கள் நகர மறுக்கின்றன. துரத்துபவரின் முகத்தை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.

பல் விழக் கனவு கண்டால் குடும்பத்தில் மூத்தவர் ஒருவருக்கு ஆகாது என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். இணையத்தில் தேடினால் ஒருவர் பண இழப்பு என்கிறார், இன்னொருவர் புதிய தொடக்கம் என்கிறார், மூன்றாமவர் பேச்சில் கவனம் தேவை என்கிறார். ஒரே கனவுக்கு இப்படி ஒன்றோடொன்று பொருந்தாத பலன்களைப் படித்துக் குழம்பியதுதான் மிச்சம். பலன் பட்டியல் எனக்குத் தேவையில்லை. இத்தகைய கனவுகளுக்குப் பொருள் உண்டா, உண்டென்றால் அதை எப்படிக் கண்டறிவது என்று விவரம் அறிந்தவர்கள் காரணத்தோடு விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில்: பழஞ்சுவடி

ஐயா, பல்லையும் குடும்பத்தையும் இணைக்கும் நம்பிக்கை மிகத் தொன்மையானது. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஆர்ட்டெமிடோரஸ் என்ற கிரேக்கர் கனவுப் பலன்களை ஐந்து பகுதிகளாக எழுதிவைத்திருக்கிறார். வாயை ஒரு வீடாகவும் பற்களை அவ்வீட்டில் வாழ்பவர்களாகவும் அவர் கருதினார்: வலப்பக்கப் பற்கள் ஆண்கள், இடப்பக்கப் பற்கள் பெண்கள், மேல்வரிசையில் இருப்பவர்கள் வீட்டின் முதன்மையானவர்கள். எந்தப் பல் விழுகிறதோ அதற்குரியவருக்கு இழப்பு என்பது அவர் கணக்கு. நீங்கள் கேள்விப்பட்ட பலனும் ஏறக்குறைய இதே தடத்தில்தான் செல்கிறது.

ஆனால், இவரிடமிருந்து இன்றைய பலன் பட்டியல்கள் எடுத்துக்கொள்ளாமல் விட்டுவிட்ட ஒன்றுதான் எனக்கு முக்கியமாகத் தோன்றுகிறது. கடன்பட்டவன் பல் விழக் கண்டால் கடன் அடையும் என்றும், அடிமையாக இருப்பவன் பற்கள் முழுவதும் விழக் கண்டால் விடுதலை பெறுவான் என்றும் அதே நூலில் அவரே எழுதுகிறார். கனவு கண்டவரின் தொழில், நிலை, உடல்நலம், வழக்கங்கள், கனவு கண்டபோதைய மனநிலை ஆகியவற்றைக் கேட்டறியாமல் பலன் சொல்லக் கூடாது என்பதில் அவர் உறுதியாக இருந்தார். கனவுகள் எதிர்காலத்தைச் சொல்லும் என்று முழுமையாக நம்பிய ஒருவரே, ஒரு காட்சிக்கு ஒரு பலன் என்ற முறையை ஏற்கவில்லை. அப்படியிருக்க, கண்டவர் யாரென்றே தெரியாமல் எழுதப்படும் பட்டியல்கள் ஒன்றோடொன்று மோதுவதில் வியப்பில்லை. அவற்றைப் படித்து அஞ்ச வேண்டியதும் இல்லை.

பதில்: இரவுப்பணி

உறக்கக் கோளாறுகளைச் சோதிக்கும் ஆய்வகம் ஒன்றில் பணிபுரிகிறேன். மேலே உள்ள பதிலில் எனக்கு மறுப்பில்லை. எனினும், பொருளைத் தேடுவதற்கு முன்பாக உடலைக் கவனிக்க வேண்டும் என்பது என் கருத்து.

உறக்கம் ஏறத்தாழ 90 நிமிடச் சுற்றுகளாக நிகழ்கிறது. ஒவ்வொரு சுற்றின் இறுதியிலும் மூடிய இமைகளுக்குள் கண்கள் விரைவாக அசையும் ஒரு கட்டம் வருகிறது. 1953-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அசெரின்ஸ்கியும் கிளைட்மனும் முதன்முதலாக விவரித்த இக்கட்டத்தை ‘ரெம்’ உறக்கம் என்கிறோம். பெரியவர்களின் உறக்கத்தில் இது நான்கில் ஒரு பங்கு அளவுக்கு இருக்கும். மற்றக் கட்டங்களிலும் கனவுகள் வருவதுண்டு என்றாலும், கதைபோல் நீளும் தெளிவான கனவுகள் பெரும்பாலும் இக்கட்டத்திற்கு உரியவை. அப்போது மூச்சுத்தசைகளையும் கண்தசைகளையும் தவிர உடலின் பெரும்பாலான தசைகளை மூளை தளர்த்திச் செயலற்று வைக்கிறது. இல்லையெனில் கனவில் ஓடுபவர் கட்டிலிலிருந்து எழுந்து ஓடிவிடுவார். மூளை ‘ஓடு’ என்று கட்டளையிட்டும் கால் அசைந்ததற்கான செய்தி திரும்பி வராததே, கால்கள் நகர மறுப்பதாகக் கனவில் தோன்றுகிறது என்பது ஒரு விளக்கம். உறுதியாக நிறுவப்படாவிட்டாலும் நம்பத்தக்கதாகவே எனக்குப் படுகிறது. விழிப்பு வந்த பிறகும் அந்தத் தளர்வு சில நொடிகள் நீடித்தால், மார்பின்மேல் யாரோ அமர்ந்திருப்பதுபோல் அச்சமூட்டும் உறக்க முடக்கம் ஏற்படுகிறது.

பல் கனவைப் பற்றி 2018-இல் ரோசென், சோஃபர்-டுடெக் ஆகிய இரு இஸ்ரேலிய ஆய்வாளர்கள் பல்கலைக்கழக மாணவர்களிடம் ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். பல் உதிரும் கனவுகள் மனத்துயரோடு தொடர்புடையவையாக இருக்கும் என்று பொதுவாக எதிர்பார்ப்போம். அவர்கள் கண்டதோ, விழிக்கும்போது பல்லிலும் ஈறிலும் தாடையிலும் உணரப்படும் இறுக்கத்தோடு இருக்கும் தொடர்பை. உறக்கத்தில் பல்லைக் கடிப்பதுதான் காரணம் என்று இதை வைத்து அடித்துச் சொல்லிவிட முடியாது. இரண்டும் சேர்ந்து காணப்படுகின்றன என்பது வரை சொல்லலாம். காலையில் தாடை வலிக்கிறதா, கன்னப்பொட்டில் பாரமாக இருக்கிறதா என்று கவனியுங்கள். ஆம் என்றால், பலன் சொல்பவரைவிடப் பல் மருத்துவரே உங்களுக்குப் பயன்படுவார்.

கேள்வியோடு நேரடித் தொடர்பில்லை என்றாலும் ஒன்றைக் குறிப்பிட விரும்புகிறேன். கனவில் நிகழ்வதற்கேற்ப உறக்கத்திலேயே கையை வீசுவதோ, உதைப்பதோ, கட்டிலிலிருந்து குதிப்பதோ இருந்தால், குறிப்பாக நடுத்தர வயதைக் கடந்தவர்களுக்கு இருந்தால், நரம்பியல் மருத்துவரிடம் கட்டாயம் காட்ட வேண்டும். பார்க்கின்சன் நோய்க்குப் பல ஆண்டுகள் முன்பே தோன்றக்கூடிய அறிகுறிகளில் அதுவும் ஒன்று.

பதில்: வெண்மதி

என் அத்தை இறப்பதற்கு முந்தைய இரவு எனக்குப் பல் விழுவதாகக் கனவு வந்தது. உடல் காரணம் என்று சொல்பவர்கள் இதை எப்படி விளக்குவீர்கள்? குறை கூறுவதற்காகக் கேட்கவில்லை. விடை தெரியாமல்தான் கேட்கிறேன்.

பதில்: ஆசிரியை

வெண்மதி அவர்களே, உங்கள் இழப்புக்கு வருந்துகிறேன். இக்கேள்வியை அரிஸ்டாட்டில் எடுத்துக்கொண்டு, பலித்ததாகச் சொல்லப்படும் கனவுகளில் பெரும்பாலானவை தற்செயல் பொருத்தங்களே என்று எழுதினார். ஓர் இரவில் நாம் காணும் கனவுகள் பல. அவற்றில் பெரும்பகுதி விடியும்போதே மறந்துவிடும். பல் விழக் கண்டும் எதுவும் நிகழாத இரவுகளை யாரும் நினைவில் வைத்துக்கொள்வதில்லை. நிகழ்ந்த இரவை வாழ்நாள் முழுவதும் மறப்பதில்லை. மேலும், உங்கள் அத்தை நோயுற்றிருந்தார் என்றால், இழப்பைப் பற்றிய கவலை உங்கள் மனத்தில் முன்பே இருந்திருக்கும். அக்கவலை கனவில் வெளிப்பட்டிருந்தால் அதை முன்னறிவிப்பு என்று கொள்வதைவிட அன்பு என்று கொள்வதே எனக்குச் சரியாகத் தோன்றுகிறது.

இனி கணக்கன் அவர்களின் தேர்வுக் கனவுக்கு வருகிறேன். இரவுப்பணி அவர்களின் விளக்கம் பல்லுக்கும் காலுக்கும் பொருந்தலாம். தேர்வுக்கூடத்தை எந்தத் தசை உருவாக்கிக் கொடுக்கும்? மூளைத்தண்டிலிருந்து எழும் ஒழுங்கற்ற தூண்டல்களை மேல்மூளை ஒரு கதையாகக் கோத்துக்கொள்வதே கனவு என்று 1977-இல் ஹாப்சன், மெக்கார்லி என்ற இரு அமெரிக்க மனநல ஆய்வாளர்கள் முன்வைத்தார்கள். அப்படியே வைத்துக்கொண்டாலும், கோப்பதற்கு எத்தனையோ கதைகள் இருக்க, ஒருவருக்கு மீண்டும் மீண்டும் இதே கதை அமைவது ஏன் என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

இக்கனவைப் பற்றி, உளப்பகுப்பாய்வைத் தோற்றுவித்த ஃபிராய்டு சுவையான ஒன்றைக் கவனித்திருந்தார். 1900 என்று ஆண்டு குறிக்கப்பட்டு வெளிவந்த ‘கனவுகளின் விளக்கம்’ என்ற தம் நூலில், தேர்வுக் கனவில் வருவது பெரும்பாலும் ஏற்கெனவே தேர்ச்சி பெற்றுவிட்ட தேர்வுதான் என்கிறார். மறுநாள் பொறுப்பான செயல் ஒன்று காத்திருக்கும்போது, ‘அன்றும் இப்படித்தான் அஞ்சினாய், ஆனால் ஒன்றும் ஆகவில்லையே’ என்று மனம் தன்னையே தேற்றிக்கொள்கிறது என்பது அவர் விளக்கம். தேற்றிக்கொள்கிறது என்ற பகுதி எனக்கு அவ்வளவாக ஒப்பவில்லை. தேறுதல் அடைந்து யாரும் வியர்த்து விழிப்பதில்லை. ஆனால், பிறரால் அளக்கப்படவிருக்கும் நாளுக்கு முன்பு இக்கனவு வருகிறது என்ற பகுதி என் அனுபவத்தோடு முற்றிலும் பொருந்துகிறது. பள்ளியில் பாடம் நடத்தும் எனக்கு, மேலதிகாரிகள் வகுப்பைப் பார்வையிட வரும் நாட்களை ஒட்டியே இக்கனவு வருகிறது. பிறரால் மதிப்பிடப்பட்டு, தோற்றுவிடுவோமோ என்று நாம் முதன்முதலில் நடுங்கிய இடம் தேர்வுக்கூடம்; பின்னாளில் அதே நடுக்கம் எழும்போதெல்லாம் மனம் அந்தப் பழைய இடத்தையே எடுத்துக்கொள்கிறது என்று நினைக்கிறேன்.

கால்வின் ஹால் என்ற அமெரிக்க உளவியலாளர் ஆயிரக்கணக்கான கனவுகளைத் திரட்டி, அவற்றில் வரும் மனிதர்கள், இடங்கள், உணர்ச்சிகள், மோதல்கள் ஆகியவற்றை வகைப்படுத்தி எண்ணினார். வான் டி கேசில் என்பவரோடு சேர்ந்து அம்முறையை 1966-இல் நூலாகவும் வெளியிட்டார். மறைபொருளைத் தேடிப் போகாமல், விழித்திருக்கும்போதைய அக்கறைகளின் தொடர்ச்சியாகவே கனவுகளைப் பார்க்கும் கருத்துக்கு அந்த உழைப்பு அடித்தளமானது. எனவே, உங்களுக்கு நான் சொல்லக்கூடியது எளிய ஒன்று. கனவு வந்த நாளைக் குறித்துவையுங்கள். அதற்கு முந்தைய நாளும் அடுத்த நாளும் என்ன இருந்தன என்பதைப் பக்கத்தில் எழுதுங்கள். கனவில் கண்ட பொருளைவிடக் கனவில் இருந்த உணர்ச்சியை, அதாவது அச்சமா, வெட்கமா, சினமா என்பதைச் சரியாக எழுதுங்கள். ‘இதே உணர்ச்சி பகலில் எங்கே வருகிறது?’ என்று கேட்டால் பெரும்பாலும் விடை அகப்படும். அகப்படாத கனவுகளும் உண்டு, அவற்றை விட்டுவிடலாம்.

மறுமொழி: கணக்கன்

அனைவருக்கும் நன்றி. ஆசிரியை அவர்கள் சொன்னபடி குறித்துவைத்தேன். தேர்வுக் கனவு தணிக்கையாளர் வரும் வாரங்களில்தான் தலைகாட்டுகிறது. இவ்வளவு வெளிப்படையான ஒன்று இத்தனை நாள் கண்ணில் படாதது வியப்பாக இருக்கிறது. தாடை இறுக்கமும் சில காலைகளில் இருக்கத்தான் செய்கிறது. பல் மருத்துவரிடம் காட்டவிருக்கிறேன். துரத்தும் கனவு மட்டும் எதனோடும் பொருந்தவில்லை. காரணம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, அதை நிறுத்த வழி உண்டா?

பதில்: இரவுப்பணி

உண்டு. முதலில் ஓர் ஆறுதல்: 2003-இல் கனடாவின் பல்கலைக்கழக மாணவர்களிடம் நடந்த ஆய்வொன்றில், வாழ்நாளில் ஒருமுறையாவது கண்ட கனவுகளின் வரிசையில் துரத்தப்படும் கனவே முதலிடத்தில் இருந்தது. ஆபத்தை எதிர்கொள்ள மூளை செய்துகொள்ளும் ஒத்திகையே கனவு என்று ஃபின்லாந்தைச் சேர்ந்த ரெவோன்சுவோ 2000-இல் ஒரு கருத்தை முன்வைத்தார். அது சரியென்றால், துரத்துபவருக்கு முகம் இல்லாததில் வியப்பில்லை; ஒத்திகைக்கு ஆள் முக்கியமில்லை.

மீண்டும் மீண்டும் வரும் கொடுங்கனவுகளுக்குக் காட்சி ஒத்திகை என்ற முறை பயன்படுகிறது. பகலில், விழிப்பாக இருக்கும்போது கனவை எழுதிக்கொள்ள வேண்டும். பிறகு அதை உங்களுக்கு விருப்பமான வகையில் மாற்றி எழுத வேண்டும். துரத்துபவர் வழி கேட்க வந்தவராக இருக்கலாம், கதவு ஒன்று திறக்கலாம், ஓடாமலே நீங்கள் நின்றுவிடலாம். மாற்றம் அறிவுக்குப் பொருத்தமாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. மாற்றிய வடிவத்தை நாள்தோறும் பத்து அல்லது இருபது நிமிடங்கள் மனக்கண்ணில் ஓட்டிப் பார்க்க வேண்டும்; பழைய வடிவத்தை ஓட்டக் கூடாது. பாலியல் வன்கொடுமைக்கு உள்ளான பெண்களிடம் பேரி கிராக்கவ் என்ற அமெரிக்க உறக்க மருத்துவரும் அவர் குழுவினரும் இம்முறையைச் சோதித்து, கொடுங்கனவுகள் குறைந்ததை 2001-இல் வெளியிட்டார்கள். உண்மையில் நேர்ந்த கொடிய நிகழ்வு ஒன்று கனவாகத் திரும்பி வருபவர்கள் இதைத் தனியாகச் செய்யாமல் மனநல வல்லுநரின் துணையோடு செய்ய வேண்டும். சில மனச்சோர்வு மருந்துகளும் இரத்த அழுத்த மருந்துகளும் கொடுங்கனவைத் தூண்டக்கூடும். அப்படி ஏதேனும் உட்கொள்பவராக இருந்தால், நீங்களாக நிறுத்திவிடாமல் மருத்துவரிடம் கேளுங்கள்.

தொடங்கும்போது துரத்தும் கனவையே எடுத்துக்கொள்ள வேண்டாம். அச்சம் குறைவான ஒன்றில் பழகிக்கொண்டு பிறகு அதற்கு வருவதே வழக்கம். உங்களுக்குத் தேர்வுக் கனவு பொருத்தமாக இருக்கும். வினாத்தாளில் என்ன கேட்கப்பட்டிருக்க வேண்டும் என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.