சத்தியத்தை முறித்துவிட்டேன், பரிகாரம் பற்றி விளக்கம் வேண்டும்

அஸ்ஸலாமு அலைக்கும். ஒரு வருடத்துக்கு முன் கோபத்தில் தம்பியிடம், "அல்லாஹ் மேல சத்தியமா இனி உன்கிட்ட பேச மாட்டேன்" என்று சொல்லிவிட்டேன். அன்றைக்கே அதை மூன்று தடவை சொன்னேன். போன வாரம் அவன் வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்று "அக்கா" என்றான். அதற்கு மேல் முடியவில்லை, பேசிவிட்டேன்.

பேசியதில் எனக்கு வருத்தமில்லை. செய்த சத்தியத்தைவிட நல்லது ஒன்று தெரிந்தால், நல்லதைச் செய்துவிட்டுப் பரிகாரம் கொடுக்கச் சொல்லும் நபிமொழி இருக்கிறது. அந்தப் பரிகாரம், பத்து ஏழைகளுக்கு உணவு அல்லது உடை, அல்லது ஓர் அடிமையை விடுதலை செய்வது. இதற்கு வழியில்லாதவருக்குத்தான் மூன்று நாள் நோன்பு என்கிறது திருக்குர்ஆன் 5:89. அதைப் பார்க்காமல் நான் நேராக நோன்பு பிடித்துவிட்டேன், இரண்டு முடிந்தது. ஆனால் உணவு கொடுக்க எனக்கு வசதி இருக்கிறது.

அந்த நோன்பு கணக்கில் வருமா? மூன்று தடவை சொன்னதற்கு ஒரு பரிகாரம் போதுமா? அப்புறம், பத்துப் பேர் கிடைக்காவிட்டால் ஒரே ஏழைக்குப் பத்து நாள் கொடுக்கலாமா? நான் பின்பற்றும் இஸ்லாமியச் சட்டப் பிரிவு ஷாஃபி மத்ஹப். சட்டம் தெரிந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள். தினமும் தவ்பா (பாவமன்னிப்பு கேட்பது) செய்கிறேன், மனசு இன்னும் ஆறவில்லை.