பாப்பாவுக்குப் போர்வையும் ஆச்சியின் மேஜை விரிப்பும்

நான்: தங்கச்சிக்குத் தை மாசம் பேறுகாலம். எல்லாரும் சேந்து குரோஷா, அதான் கொக்கி ஊசியால பின்னுற போர்வை ஒண்ணு போட்டுக் கொடுப்போமா? அந்தப் பிள்ளை வளந்து, அதோட பிள்ளைக்கும் எடுத்துக் கொடுக்கிற மாதிரி நிக்கணும். நூல்ல இருந்து சொல்லுங்க சித்தி.

சித்தி: அப்ப பருத்திதான். கடையில உல்லன்னு கொடுக்கிறது முக்காவாசி அக்ரிலிக். பூச்சி அரிக்காது, விலையும் கம்மி. ஆனா நம்ம வெயிலுக்குப் பிள்ளைக்கு வேர்த்துக் கொட்டும். இஸ்திரிப் பெட்டி பட்டா தட்டையாப் போயிரும், அப்புறம் என்ன செஞ்சாலும் எழும்பாது. அசல் கம்பளி வெந்நீர்ல கசக்கினா சுருங்கி இறுகிரும்.

சித்தி: 8 பிளைங்கிற தடிமன்ல பருத்தி நூல், 4 எம்.எம். ஊசி. 30 இன்ச்சுக்கு 36 இன்ச் போதும். 100 கிராம் உருண்டை 5 பிடிக்கும், நீ 6 வாங்கு. ஆறும் ஒரே லாட் நம்பரா இருக்கணும். லாட் மாறினா சாயம் ஒரு சாயல் மாறும், நடுவுல பட்டை விழுந்தது தூரத்துல இருந்தே தெரியும்.

அண்ணன்: கட்டம் கட்டமாப் போட்டு இணைச்சா ஆளுக்குப் பத்துன்னு பிரிச்சுக்கலாமே? 2016-ல சென்னையில கின்னஸ் சாதனைக்குப் போட்ட போர்வை 11,000 சதுர மீட்டருக்கு மேல. அத்தனை பேர் பின்னி இணைச்சதுதானே?

சித்தி: அதைப் பிறகு பிரிச்சுத் தேவைப்பட்டவங்களுக்குக் கொடுத்தாங்கப்பா. நமக்குப் பிரியவே கூடாது. கணக்குப் பாரு: நடுவுல இருந்து சுத்திச் சுத்திப் பின்னுற 5 இன்ச் கிரானி சதுரம், குறுக்க 6, நெடுக்க 7, மொத்தம் 42. ஒரு சதுரத்துக்கு 3 நிறம்னா நூல் நுனி 6. ஆக 252 நுனி. பழைய போர்வை பிரியுறது பெரும்பாலும் நுனியிலயும் இணைப்புலயும்தான், நடுப் பின்னல்ல இல்லை. போதாததுக்கு ஒருத்தி கை இறுக்கம், ஒருத்தி கை தளர்வு. ஒரே ஊசி, ஒரே நூல்னாலும் ஒரு சதுரம் நாலே முக்காலும் இன்னொண்ணு அஞ்சே காலும் வரும்.

மதினி: அப்ப உடம்பை ஒரே ஆள் போடட்டும் சின்னத்தை. குல்லா, காலுறை, பார்டரை மத்தவங்க பாத்துக்கலாம்.

சித்தி: அதான் சரி. மாஸ் ஸ்டிச் போடு, ஒரு சிங்கிள் ஒரு செயின்னு மாறி மாறி வரும். ஓட்டை சின்னதா இருக்கும், பிள்ளை விரல் மாட்டாது. டபுள் குரோஷா உயரமான கண்ணி, அதுல இடைவெளி பெருசு.

மதினி: இங்கிலாந்து பேட்டர்ன்ல டபுள்னு போட்டிருந்தா அது அமெரிக்கப் பேட்டர்ன்ல சிங்கிள், அதாவது குட்டைக் கண்ணி. எதுன்னு பாத்துட்டு ஆரம்பிங்க. அதைக் கவனிக்காமத்தான் அளவு இரண்டு மடங்காப் போகுது.

நான்: சித்தி, நீங்க இப்ப சொல்றது?

சித்தி: அமெரிக்க முறை. முதல்ல 6 இன்ச் மாதிரி ஒண்ணு பின்னி, துவைச்சு, காயவச்சு அப்புறம் அள. பருத்தி முதல் துவைப்புல சுருங்கும், துவைக்காம அளந்த கணக்கு நிக்காது. 4 இன்ச்சுக்கு 18 கண்ணி வந்துச்சுன்னா 30 இன்ச்சுக்கு 135. இரட்டைப்படை வேணும், 136 வை. வரிசை திருப்பத்துக்கு 2 சேத்து 138 செயின், அதான் அடியில போடுற சங்கிலிக் கண்ணி.

சித்தி: 4-வது செயின்ல ஒரு சிங்கிள், ஒரு செயின், ஒண்ணு விட்டு அடுத்ததுல சிங்கிள். கடைசி வரை இப்படியே. ரெண்டாவது வரிசைக்கு 2 செயின் போட்டுத் திருப்பி, கீழ் வரிசையில செயின் விட்ட சந்துல சிங்கிள் போடு. வரிசையோட கடைசி சிங்கிள் திருப்பச் செயினோட சந்துல விழணும். அதை விட்டுட்டா ஒவ்வொரு வரிசையா ஒடுங்கும். பத்து வரிசைக்கு ஒருக்க எண்ணு.

மதினி: அடிச் செயின் மட்டும் 4.5 ஊசியில போட்டா நல்லது. இறுகிப்போனா கீழ் ஓரம் சுருங்கி மேல விரியும், நீவினாலும் நேராகாது.

நான்: நுனியை முடிச்சுப் போட்டு நறுக்கலாமா?

சித்தி: வேண்டவே வேண்டாம். மெர்சரைஸ்டுன்னு பளபளப்பு ஏத்தின பருத்தி வழுக்கும், முடிச்சு நாலு துவைப்புல நெகிழ்ந்து வெளிய வந்துரும். 6 இன்ச் வால் விடு. மொட்டை நுனி ஊசியில கோத்து முதல்ல வலப்பக்கம் 2 இன்ச், அங்க ஒரு இழையைத் தாண்டித் திரும்பி இடப்பக்கம், பிறகு மேல. மூணு திசை. பிடிச்சு நாலாபக்கமும் இழுத்துப் பாத்துட்டு அப்புறம் நறுக்கு. இந்த வேலையை அவசரப்பட்டு முடிக்காத, போர்வையோட ஆயுசே இதுலதான்.

மதினி: பார்டருக்கு மூலையில 3 சிங்கிள் ஒரே இடத்துல. இல்லன்னா மூலை மடங்கிக்கும். சிவப்போ கருநீலமோ வச்சா, ஒரு துண்டு நூலை வெள்ளைத் துணியில சுத்தி வெந்நீர்ல கால் மணி நேரம் போட்டுப் பாருங்க. துணியில சாயம் ஏறினா அந்த நூலை வெள்ளையோட சேக்கக் கூடாது.

பெரியம்மா: காலுறை போடுதவ கேட்டுக்கோ. உள்பக்கத்தைத் திருப்பிப் பாத்து, தொங்குத இழை ஒண்ணு கூட இல்லாமப் பண்ணணும். பிள்ளை கால் விரல்ல நூல் சுத்திக்கிச்சுன்னா ரத்த ஓட்டம் நின்னுரும், வெளிய தெரியாது. ரிப்பன், மணி, பொத்தான் எதுவும் வேண்டாம். பொம்மை போட்டா கண்ணை நூல்லயே தைச்சிருங்க.

பெரியம்மா: இன்னொண்ணு. ஒரு வயசு வரைக்கும் தூங்குத பிள்ளை மேல போர்வை போடக் கூடாது, முகத்துல ஏறிரும். முழிச்சிருக்கையில மடியில விரிக்கலாம், தரையில விரிச்சுக் கிடத்தலாம். இதைக் கொடுக்கும்போதே தாய்க்காரிகிட்ட சொல்லிரணும்.

நான்: அம்மா பீரோவுல ஆச்சி போட்ட மேஜை விரிப்பு இருக்கு பெரியம்மா. நடுப் பூவுல நூல் அறுந்து ஓட்டை. துவைச்சுட்டுக் கொண்டாரவா?

பெரியம்மா: துவைக்காத! தண்ணியில போட்டா அறுந்த இடம் இன்னும் ஓடும். முதல்ல தொங்குத கண்ணியெல்லாத்தையும் வேற நிற நூல்ல கோத்துப் பிடிச்சு வை. அறுந்த இழையை நறுக்கக் கூடாது, அதுதான் எந்தக் கண்ணி எங்க போச்சுன்னு காட்டும். போட்டோ எடுத்து அனுப்பு.

சித்தி: அது 20-ஆம் நம்பர் மெல்லிசு நூல்தான்னு நினைக்கேன். 1.25 எம்.எம். ஊசி வேணும். புது வெள்ளை நூல் வச்சா தனியாத் தெரியும், எக்ரு, அதான் வெளுக்காத இளம்பழுப்பு நிறமாப் பாத்து வாங்கு. டீத்தண்ணியில முக்கி நிறம் ஏத்தாத, அதுல உள்ள துவர்ப்பு நாளாவட்டத்துல நூலைத் தின்னும். நல்லா இருக்கிற பூவைப் பாத்து அதே எண்ணிக்கை போடு. அறுந்த நுனிக்கு முன்னால மூணு கண்ணி, பின்னால மூணு கண்ணி புது நூலையும் சேத்துப் பிடிச்சுப் பின்னு.

பெரியம்மா: தைச்ச பிறகு துவை. வெதுவெதுப்பான தண்ணி, காரம் குறைஞ்ச சோப்புத் திரவம், அலசி அலசி சோப்பு போகணும். மஞ்சக் கறைக்கு ஆக்சிஜன் ப்ளீச் போடலாம், குளோரின் கூடாது. அது நூலை நொய்ய வச்சிரும். ஈரத்தோட ஒரு நுனியைப் பிடிச்சுத் தூக்காத. அடியில துண்டு கொடுத்துத் தூக்கு. கொடியில தொங்கப் போட்டா அதோட கனத்துக்கே நீண்டுரும். நிழல்ல தட்டையா விரி. குண்டூசி குத்துறதா இருந்தா துருப்பிடிக்காத ஊசி மட்டும்.

அண்ணன்: கஞ்சி போட்டாத்தானே விரிப்பு விறைப்பா நிக்கும்?

பெரியம்மா: மேஜையில விரிக்கிறப்ப போடு. எடுத்து வைக்கும்போது கஞ்சி முழுசும் போயிருக்கணும். கஞ்சிக்குத்தான் கரப்பானும் வெள்ளிப்பூச்சியும் வரும். மடிப்புல விறைச்ச நூல் ஒடியவும் செய்யும்.

மதினி: பிளாஸ்டிக் கவர்ல போட்டு ரசகற்பூர உருண்டை வச்சா என்ன அத்தை?

பெரியம்மா: ரெண்டும் கூடாதும்மா. கவருக்குள்ள ஈரம் நின்னு பூஞ்சை பிடிக்கும். ரசகற்பூரம் பிள்ளைத் துணிகிட்டயே போகக் கூடாது. ஜி6பிடி குறைபாடு, அதான் சிவப்பணுவைக் காக்கிற ஒரு நொதி பிறவியிலேயே குறைவா உள்ள குழந்தைக்கு அந்த ஆவியே ரத்தச் சிவப்பணுவை உடைச்சு, மஞ்சள் காமாலை வரை கொண்டு போயிரும். கஞ்சியில்லாத பழைய வெள்ளை வேட்டியில சுத்தி வை. மரத்தட்டுல நேராப் படக் கூடாது, பட்ட இடம் பழுப்பாகும். ஆடியிலயும் தையிலயும் எடுத்து உதறி, மடிப்பை இடம் மாத்திப் போடு. பெரிய விரிப்பை மடிக்காம உருட்டி வைக்கிறது இன்னும் நல்லது.

சித்தி: போர்வையோட 10 மீட்டர் நூலும் கொடுக்கணும், நாளைக்கு ஓட்டை விழுந்தா அதே நூல் கையில இருக்கும். சின்னச் சிட்டமாக் கட்டி, போர்வையைத் துவைக்கும்போதெல்லாம் அதையும் போடச் சொல்லு. போர்வை வெளுக்கிற அளவு நூலும் வெளுக்கும், ஒட்டுப் போட்ட இடம் தெரியாது.

மதினி: பின்னுனவங்க பேர், வருஷம், நூல், ஊசி அளவு எல்லாம் பருத்தி நாடாவுல எழுதித் தைச்சிரலாமா?

சித்தி: மையில எழுதினா போயிரும். ஊசி நூலால பேரும் வருஷமும் மட்டும் தைங்க, மத்ததைத் தாள்ல எழுதி உருண்டைச் சீட்டோட வைங்க. நாடாவோட நாலு ஓரமும் தைச்சிரணும், வளையமாத் தொங்கவிட்டா விரல் மாட்டும்.

நான்: சனிக்கிழமை நூல் கடைக்குப் போறேன். இளமஞ்சள் 6 உருண்டை, எக்ரு 20 நம்பர் ஒண்ணு.

சித்தி: காசு கொடுக்கிறதுக்கு முன்னால ஆறு சீட்டையும் லாட் நம்பர் தெரியுற மாதிரி போட்டோ எடுத்து இங்க போடு. குறைஞ்சா வேற நிறம் பாப்போம்.